காரமில்லாத மிளகாய்க்கு ஒரு வக்காலத்து

போன மாதம் சாத்தூரில் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். மதியப் பந்தி முடிந்து பெரியவர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். மொட்டை மாடியில் ஒரே கூச்சல். என்ன என்று போய்ப் பார்த்தால், வாலிபப் பையன்கள் வட்டமாக நிற்கிறார்கள். நடுவில் தம்பி மகன். கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. அதன் மேல் தேள் படம். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பன் யாரோ கொடுத்த மிளகாய் சாஸாம். ஆளுக்கு ஒரு சொட்டு வடையில் விட்டுத் தின்ன வேண்டும். தண்ணீர் குடிக்கக் கூடாது. அதைச் செல்போனில் படம் பிடிக்க வேண்டும். இதுதான் விளையாட்டு.

"பெரியப்பா, இது நீங்க வேலை பார்த்த டிரினிடாட் மிளகாய்! ஒரு காலத்துல உலகத்துலயே நம்பர் ஒன் காரம்!" என்றான் பெருமையாக.

"தெரியும்டா. ஆனா அந்த ஊர்ல நான் ஆறு வருஷம் சாப்பிட்ட மிளகாய் வேற. பிமென்டோன்னு பேரு. அதுல காரமே இருக்காது" என்றேன்.

"காரமே இருக்காதா? அப்புறம் எதுக்குப் பெரியப்பா அது மிளகாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கீழே இறங்கி வந்தால், என் வீட்டுக்காரி அடுக்களை ஓரத்தில் தனியாக உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பந்தியில் சாம்பார், பொரியல், குழம்பு எதுவும் அவள் வயிற்றுக்கு ஆகாது. "நல்ல சாப்பாடு" என்று ஊரே மெச்சிக்கொண்டிருந்தது.

அன்று மாடியில் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1993-ல் டிரினிடாடுக்குப் போனேன். அந்தத் தீவின் மேற்குக் கரையில் பாயின்ட் லிசாஸ் என்று ஒரு தொழிற்பேட்டை. அமோனியா, மெத்தனால் ஆலைகள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்றில் எனக்குப் பராமரிப்புப் பிரிவில் வேலை. வீடு பக்கத்தில் கூவா என்ற ஊரில். போய்ச் சேர்ந்த முதல் வருடத்திலேயே என் மனைவிக்கு வயிற்றுப் புண் முற்றி ரத்த வாந்தி வரை போய்விட்டது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: மிளகாய் வாசலையே மிதிக்கக் கூடாது.

சாத்தூர்க்காரிக்கு இது என்ன தண்டனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் சம்பா மிளகாய் விளைகிற பூமி. கொஞ்சம் தள்ளி விருதுநகரில் வற்றல் மண்டிகள். ராமநாதபுரம் போனால் முண்டு மிளகாய். வற்றல் நெடியில் தும்மித் தும்மி வளர்ந்தவர்கள் நாங்கள். வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. ஒன்றில் எனக்கும் பையனுக்கும் குழம்பு. இன்னொன்றில் அவளுக்குப் பத்தியம்: உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்த ஏதோ ஒன்று. எங்களுக்குப் பரிமாறிவிட்டு அவள் கடைசியில் தனியாகச் சாப்பிடுவாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். மூன்று மாதத்தில் ஆள் பாதியானாள்.

பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா. ஊரே அவரை ஆன்ட்டி என்று கூப்பிடும். கல்கத்தாவில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழி. (முதல் கப்பல் அங்கே கரை சேர்ந்தது 1845 மே 30. இன்றைக்கும் அந்த நாள் அங்கே அரசு விடுமுறை.) ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி மூடிபோட்ட பாத்திரத்தில் பருப்பும், பூசணிக்காய்க் கறியும், அவர்கள் 'போடி' என்று சொல்லும் காராமணிக்காய்ப் பொரியலும் கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் கூடம் முழுக்க மிளகாய் வாசனை. பழ வாசனையும் பச்சை மிளகாய் வாசனையும் கலந்த ஒரு மணம். என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்கு ஆகாது ஆன்ட்டி, டாக்டர் திட்டுவார்" என்று பாத்திரத்தைத் தள்ளினாள்.

ஆன்ட்டி ஒன்றும் பேசவில்லை. முந்தானை போல் இடுப்பில் கட்டியிருந்த துணியிலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்தார். விரல் நீளம், தோல் சுருக்கம் சுருக்கமாக. அதைக் காம்போடு பிடித்து, வெள்ளரிப் பிஞ்சைக் கடிப்பது மாதிரிக் கடித்து மென்று விழுங்கினார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. மீதிப் பாதியை என் மனைவியிடம் நீட்டி, "சாப்பிடு பேட்டி" என்றார்.

அவள் பயந்து பயந்து நுனியைக் கடித்தாள். அப்புறம் மீதியையும் தின்றாள். அன்றைக்குப் பருப்பும் சோறும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"எதுக்கு அது மிளகாய்?" என்று கேட்ட பையனுக்கு முதல் பதில் இதுதான். இதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நான் ஓய்வு பெற்றவன். அவ்வளவு சீக்கிரம் நிறுத்த மாட்டேன்.

இந்த மிளகாய்க்குத் தீவுக்குத் தீவு பெயர் வேறு. டிரினிடாடில் பிமென்டோ. கிரெனடா, செயின்ட் லூசியா பக்கம் சீசனிங் பெப்பர். போர்ட்டோ ரிக்கோவிலும் வெனிசுவேலாவிலும் 'அஹி துல்ஸே'; இனிப்பு மிளகாய் என்று பொருள். அது டிரினிடாட் மிளகாய் மாதிரி நீளமாக இருக்காது, குட்டித் தொப்பி மாதிரி இருக்கும். கியூபாவில் 'கச்சுச்சா'. ஜமைக்காவுக்குப் போய் பிமென்டோ கேட்டால் மட்டும் ஏமாந்துபோவீர்கள். அங்கே அந்தப் பெயர் சர்வசுகந்தி மரத்துக் காய்க்கு.

இவை எல்லாம் ஹபனேரோ, ஸ்காட்ச் பானெட், அந்தத் தேள் மிளகாய் எல்லாவற்றுக்கும் உடன்பிறப்பு. ஒரே இனம். கேப்சிகம் சைனென்ஸ் என்று பெயர். 1776-ல் யாக்கின் என்ற தாவரவியலாளர் இது சீனாவிலிருந்து வந்தது என்று தப்பாக நினைத்துச் சூட்டிய பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பழ வாசனை இந்த இனத்துக்குரியது. தேள் மிளகாயிலும் அது உண்டு. ஆனால் அதைத் தின்றவன் எவனும் வாசனையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வாய் எரியும்போது மூக்கு எங்கே வேலை செய்யும்?

"அதான் குடைமிளகாய் இருக்கே, காரமில்லாமல்?" என்று கேட்பவர்கள் உண்டு. கரீபியன் சமையல் குறிப்புகளிலும், இது கிடைக்காவிட்டால் குடைமிளகாய் போடலாம் என்று எழுதிவிடுகிறார்கள். குடைமிளகாய் வேறு இனம். நீர் அதிகம், வாசனை புல் வாசனை. மல்லிகை கிடைக்கவில்லை என்று காகிதப் பூ வைத்துக்கொள்வது மாதிரிதான். நிறம் வரும், மணம் வராது.

இப்போது காரத்துக்கு வருகிறேன். மாடியில் பையன்கள் சொன்ன நம்பர் ஒன் கணக்கு எங்கிருந்து வந்தது? 1912-ல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் ஒரு முறை கண்டுபிடித்தார். மிளகாயைச் சாராயத்தில் ஊறவைத்து, அந்தச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே போக வேண்டியது. எத்தனை மடங்கு கரைத்தால் நாக்குக்குக் காரம் தெரியாமல் போகிறதோ அதுதான் மதிப்பெண். அவர் வேலை பார்த்தது மருந்துக் கம்பெனியில். மருந்துச் சரக்கை எடைபோட உண்டான கணக்கு அது. நாம் அதைச் சமையல்கட்டுக்குள் கொண்டுவந்து மிளகாய்க்கே ரேங்க் போட ஆரம்பித்துவிட்டோம்.

டிரினிடாடின் தெற்கே மொருகா என்ற ஊர். அந்த ஊர்ப் பெயர் கொண்ட தேள் மிளகாய் 20 லட்சம் அலகைத் தாண்டியது என்று 2012-ல் நியூ மெக்ஸிகோ மாநிலப் பல்கலைக்கழகம் அறிவித்தது. உலகம் முழுக்கச் செய்தி. அடுத்த வருடமே கரோலினா ரீப்பர் கின்னஸ் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. 2023-ல் பெப்பர் எக்ஸ், 26 லட்சத்துக்கும் மேல். நாளைக்கு இன்னொன்று வரும். பிமென்டோவுக்கு எவ்வளவு? பூஜ்யம், மிஞ்சிப்போனால் சில நூறு. அதனால் அது எந்தப் பட்டியலிலும் மேலே வராது. அதற்கு விளம்பரம் இல்லை, வீடியோ இல்லை. டிரினிடாட் என்றால் தேள் மிளகாய் என்று உலகம் பேசுகிறது. நான் பார்த்த அடுக்களைகளில் ஒன்றில்கூட தினச் சமையல் அந்தத் தேளை நம்பி நடக்கவில்லை. பிமென்டோ இல்லாத அடுக்களையையும் நான் பார்த்ததில்லை.

எண்ணிச் சொல்ல முடிவதை மட்டுமே பெரிதாக நினைக்கிற நோய் நமக்கு எல்லா விஷயத்திலும் உண்டு. பையனுடைய மார்க் தெரியும், அவனுக்கு என்ன பிடிக்கும் என்பது தெரியாது. அதே நோய்தான் இதுவும். காரத்துக்கு எண் இருக்கிறது. வாசனைக்கு எண் இல்லை. ஆகவே வாசனை இல்லை என்றே முடிவு கட்டிவிட்டோம்.

காரம் என்பது உண்மையில் நாக்கின் சுவையறிதலே இல்லை. சூடு பட்டால் "சுடுகிறது" என்று சேதி சொல்கிற அதே நரம்பு வாயில்தான் மிளகாய்க்கும் சேதி சொல்கிறது. 1997-ல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. "அறுசுவையில் கார்ப்பு இருக்கிறதே ஐயா" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் உண்டான காலத்தில் இங்கே மிளகாய் கிடையாது. அது போர்த்துகீசியர் கப்பலில் 16-ஆம் நூற்றாண்டில் வந்த சரக்கு. அன்றைக்குக் கார்ப்பு என்றால் மிளகு, சுக்கு, திப்பிலி. மூன்றும் வாசனைச் சரக்குகள். வாயில் வைக்கும் முன்பே மூக்குக்குத் தெரியும். 'மிளகாய்' என்ற பெயரே மிளகை வைத்து வந்ததுதானே. கொலம்பஸும் 1493-ல் அந்தத் தீவு மக்களின் 'அஹி'யைப் பார்த்து, இது அவர்களுடைய மிளகு என்றுதான் குறித்துவைத்தார். ஆக, மிளகின் இடத்தில் உட்கார வந்த காய் இது. அதன் எரிச்சலை மட்டும் வைத்துக்கொண்டு வாசனையைத் தூக்கி எறிந்தது நாம்.

"காரமில்லாத மிளகாய் ஊனமான மிளகாய்" என்று என் மைத்துனர் ஒருமுறை சொன்னார். இதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். காட்டு மிளகாய்க்குக் காரம் ஒரு காவல். விலங்குகள் தின்னாது, பறவைக்குக் காரம் உறைக்காது, அது தின்று விதையைப் பரப்பும். காரத்தைச் சுரப்பது உள்ளே விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சதை. அதை உண்டாக்கும் மரபணுக்களில் ஒன்று மாறிப்போனால் காரம் நின்றுவிடும், வாசனை நிற்காது. இப்படித் தற்செயலாக வந்த செடியை யாரோ ஒரு கிழவி ருசி பார்த்து, "இதன் விதையை எடுத்து வை" என்று சொல்லியிருக்க வேண்டும். அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

காப்பாற்றுவது லேசு இல்லை. ஆன்ட்டி வீட்டுப் பின்கட்டில் பிமென்டோ ஒரு மூலையிலும், அவர்கள் காங்கோ பெப்பர் என்று சொல்லும் கடும் மிளகாய் எதிர் மூலையிலும் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேனீ மகரந்தத்தை மாற்றிவிடும். அந்த வருடக் காய்க்கு ஒன்றும் ஆகாது. அதன் விதையைப் போட்டால் அடுத்த வருடம் வரும் செடியில் குட்டு வெளிப்படும். ஒருமுறை அப்படி வந்த காயை ஆன்ட்டியின் பேரன் அறியாமல் கடித்துவிட்டு வீட்டையே இரண்டாக்கினான். ஆன்ட்டி அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்தார். ஊனமாம்! ஊனத்தை யாராவது இப்படி வேலிபோட்டுக் காப்பார்களா?

இனி, அவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது. பிமென்டோ, நம் கொத்தமல்லி வாசனையில் ரம்பம் போல் நீட்டு இலை உள்ள ஷாடோ பெனி, வெங்காயத் தாள், பூண்டு, தைம். (தைமில் ஒரு வகையைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நம் வீட்டுக் கற்பூரவல்லி!) இவற்றை அரைத்துப் புட்டியில் வைத்துக்கொள்வார்கள். மீனோ கோழியோ, முதலில் இதில் புரட்டி ஊறவைக்காமல் அடுப்பேறாது. போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 'சோஃப்ரித்தோ' என்று அரைத்து வதக்குவதிலும் இந்த இனிப்பு மிளகாய்தான் உயிர்.

அவர்கள் காரம் தின்னாதவர்களா? நன்றாகத் தின்பார்கள். ஆனால் அது தனிப் புட்டியில் மேஜைமேல் இருக்கும். தெருவில் 'டபுள்ஸ்' விற்பவர் - மெத்தென்ற பாரா, அதன் மேல் கொண்டைக்கடலைக் கறி - ஒவ்வொருவரிடமும் எவ்வளவு பெப்பர் என்று கேட்டுத்தான் போடுவார். கேட்டவனுக்குக் கேட்ட அளவு. 'கலலூ' என்ற கீரைக் கூட்டில் கடும் மிளகாய் ஒன்றைப் போடுவார்கள். கீறாமல் முழுசாக, மேலே மிதக்கவிட்டு. அது வெடித்துவிடக் கூடாது. வாசனை இறங்கியதும் அலுங்காமல் எடுத்துவிடுவார்கள். உலகின் பெரிய காரத்தை விளைவிக்கிற ஊர், தன் பானைக்குள் அதை எவ்வளவு ஜாக்கிரதையாக நடத்துகிறது பாருங்கள்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாசனை பானையில், அது எல்லோருக்கும் பொது. காரம் தட்டில், அது அவரவர் இஷ்டம். குழந்தை, கிழவி, வயிற்றுப் புண்காரர் எல்லோரும் ஒரே பானையில் சாப்பிடலாம். நம் வீடுகளில் நேர் எதிர். காரம் பானையிலேயே கலந்துவிடும். தாங்குகிறவன் சாப்பிடுவான். தாங்காதவருக்குத் தயிர் சாதம், தனித் தட்டு, போதாக்குறைக்கு "இது கூட உறைக்குதா?" என்ற கேலி. வீட்டில் வாய் பலமுள்ள ஒருவரின் நாக்கை வைத்து அத்தனை பேருக்கும் உலை வைக்கிறோம்.

ஊரைச் சொல்வானேன், நானே அந்த ஆள்தான். 1999-ல் ஊர் திரும்பினோம். இங்கே பிமென்டோ இல்லை. விதை கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, நானும் கொண்டுவரவில்லை. சொந்தபந்தம் வந்து போகிற வீடு. "குழம்பு சப்புனு இருக்கே" என்று யாராவது சொன்னால் எனக்கு மானம் போய்விடும். "நீ உனக்குக் கொஞ்சம் தனியா எடுத்து வெச்சுக்கோயேன்" என்று அவளிடம் நானே சொன்னேன். மறுபடி இரண்டு அடுப்பு. மறுபடி கடைசியில் தனியாக. ஆறு வருடம் ஒரே பானையில் சாப்பிட்டதை நான் எத்தனை சீக்கிரம் மறந்தேன்! ஆன்ட்டி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

காரத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. சாத்தூர்க்காரன் அப்படிச் சொன்னால் ஊருக்குள் விடமாட்டார்கள். நம்மிடமும் வழி இருக்கிறது. முண்டு வற்றலைக் கிள்ளாமல் முழுசாகத் தாளித்துப் பாருங்கள், மணம் இறங்கும், காரம் அதிகம் இறங்காது. தயிர் சாதத்துக்குத் தனியாக மோர்மிளகாய் வைக்கிறோமே, அதுவும் தட்டில் இருக்கிற காரம்தானே? அந்த ஒழுங்கைக் குழம்புக்கும் கொண்டுவந்தால் என்ன குறைந்துவிடும்?

கிரகப்பிரவேசம் முடிந்து வந்த மறுநாள் முதல் எங்கள் வீட்டில் ஒரே அடுப்பு. கிள்ளாத வற்றல், மிளகு, பூண்டு, கொத்தமல்லி, தொட்டியில் வளர்கிற கற்பூரவல்லி இவைதான் பானைக்குள். மிளகாய்ப் பொடியும் மோர்மிளகாயும் என் தட்டுக்குப் பக்கத்தில். முதல் வாரம் எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

தம்பி மகனே, இதைப் படித்தால் அடுத்த முறை வீட்டுக்கு வா. உன் தேள் புட்டியையும் கொண்டு வா, வேண்டிய மட்டும் உன் தட்டில் விட்டுக்கொள். பானையில் மட்டும் ஒரு சொட்டு விழக் கூடாது. பெரியம்மாவும் அதில்தான் சாப்பிடுகிறாள்.